ஒன்பதின் வயிறு: நிறுத்தப் பலகை வரையும் மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் வாத்தியார் கொடுத்தனுப்பிய அறிக்கையை மூன்று நாள் வைத்திருந்து இரண்டு முறை படித்தேன். புறநகர் ரயில் நிலையங்களில் மோட்டார்மேன் வண்டியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காட்டும் பலகைகளைப் புதிதாக எப்படி எழுதலாம் என்று 40 பக்கம் யோசித்திருக்கிறாய். நான் ரயில்வேயில் 34 வருஷம் பெயின்டராக இருந்தவன். மஞ்சளில் கறுப்பாக ஊர்ப்பெயர் எழுதியதைப் பற்றி என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதன் அடியில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். பிளாட்பாரக் கோடியில், ஒற்றைக் கம்பத்தில், ஒரே ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கும் பலகையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதை நீ ஏறிட்டுப் பார்த்திருக்கிறாய். அந்த உரிமையில்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

பிரைமர், எனாமல், நூல் அடிப்பது, தகட்டு விளிம்பில் துரு ஏறுவது, இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று படங்களிலேயே தெரிகிறது. அதனால் நேராக 17-ஆம் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறாய். ஒன்று 9 பெட்டி வண்டிக்கு, மற்றது 12 பெட்டி வண்டிக்கு. இரண்டும் ஒரே அளவுச் சதுரம். ஒரு குடும்பம் போல இருக்க வேண்டும் என்று காரணம் எழுதியிருக்கிறாய். சதுரத்துக்குள் அடங்குவதற்காக 12-ஐ இரு பக்கமும் அழுத்தி ஒல்லியாக்கியிருக்கிறாய். அந்தப் படத்தைப் பார்த்ததும் காகிதத்தை மடக்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

மகளே, 12 என்பது ஒன்பதை விட அகலமானது. அது அந்த எண்ணுக்குக் கிடைத்த வரம். தூரத்திலிருந்து வரும் கண்ணுக்கு எண் முதலில் தெரியாது. பலகையில் இருப்பது ஒற்றையா, இரட்டையா என்பதுதான் முதலில் தெரியும். மழையானாலும், எதிர்வெயிலானாலும், விளக்கு மங்கலானாலும் அந்த ஒரு வித்தியாசம் கடைசி வரை அழியாது. அதை நீ அழகுக்காக அழித்துவிட்டாய். 12-க்கு அகலப் பலகை கொடு. 9-க்குக் குறுகலான பலகை கொடு. எழுத்து மொத்தமாக உதிர்ந்துபோன பிறகும், வெறும் தகட்டின் வடிவமே மோட்டார்மேனுக்குப் பாதிச் சேதி சொல்ல வேண்டும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று உனக்குத் தோன்றலாம். கணக்குப் பார். ஒரு பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர். மூன்று பெட்டி வித்தியாசம் என்றால் 63 மீட்டர். பிளாட்பாரம் 12 பெட்டிக்கு மட்டுமே நீளமாக இருந்து, இரண்டு வகை வண்டிக்கும் வால் ஒரே இடத்தில் நிற்கும்படி பலகைகள் வைத்திருந்தால், 12 பெட்டி வண்டியை 9-இல் நிறுத்துகிறவன் பின்னால் மூன்று பெட்டியை ஜல்லி மேல் விட்டுவிடுகிறான். அந்தப் பெட்டிகளில் கூடையோடு நிற்பவர்கள் உண்டு, முழங்கால் வலியோடு நிற்பவர்கள் உண்டு. ஸ்டேஷன் வந்துவிட்டது என்று இருட்டில் காலை வைத்தால் கீழே தரை இருக்காது. ஒன்பதையும் பன்னிரண்டையும் குடும்பம் போல ஒத்திருக்கச் செய்யும்போது அந்தக் காலை நினைத்துக்கொள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் நானும் உன்னைப் போலத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பலகையை ஒர்க்‌ஷாப்பில் மேஜை மேல் படுக்கவைத்து, கைக்குத் தாங்கும் கோலைக் குறுக்கே வைத்து, சாவகாசமாக எழுதுவேன். எழுதி முடித்ததும் பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பேன். என் ஒன்பது திரண்டு, உருண்டு, கறுகறுவென்று இருக்கும். தடித்த எழுத்துத்தான் தூரத்துக்குத் தெரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் அதை நம்பினேன்.

ஓர் ஐப்பசி இரவு, இன்ஸ்பெக்டர் ஒருவர் முறைப்படி அனுமதி வாங்கி என்னை மோட்டார்மேன் கேபினில் ஏற்றிவிட்டார். எந்தெந்தப் பலகை தெரியவில்லை என்று நானே பார்த்து எழுதிவர வேண்டும் என்பது ஏற்பாடு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் ஒரு வீச்சு வீசும், அரை நொடி உலகம் தெரியும், மறுபடியும் தண்ணீர் மூடிக்கொள்ளும். பிளாட்பாரத்துக்குள் வண்டி நுழையும்போது கூரை ஓரமாக ஜனம் நெருக்கியடித்து நின்றது. பாதிப் பேர் குடையை விரித்திருந்தார்கள். அந்தக் குடைகளுக்கு மேலே, எங்கோ, நான் எழுதிய பலகை வந்தது. என் ஒன்பதில் ஒன்பது இல்லை. மஞ்சள் தகட்டில் ஒரு கறுப்பு உருண்டை மட்டும் இருந்தது. தடித்து எழுதி எழுதி அதன் வயிற்றை நானே அடைத்து வைத்திருந்தேன்.

வண்டி நின்ற பிறகு மோட்டார்மேனிடம் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்: "பலகைன்னு தெரியும்ப்பா. எண்ணு தெரியாது. இங்க நான் வேப்பமரத்தை வெச்சுத்தான் நிறுத்துறேன்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆயிரம் பேரைச் சுமந்து வருகிறவர் என் எழுத்தை விட்டுவிட்டு மரத்தை நம்புகிறார். மறுவாரம் பணி ஆய்வாளரான ஐ.ஓ.டபிள்யூ.விடம் கேட்டு அந்தப் பலகையை இறக்கி, ஒன்பதை அழித்து, மறுபடியும் எழுதினேன். உயரத்தை ஐந்து கட்டமாகப் பிரித்து, கோட்டுக்கு ஒரு கட்டத் தடிமன் மட்டும் கொடுத்தேன். வயிற்றுக்குள் மஞ்சள் தாராளமாகத் தெரியும்படி திறந்துவிட்டேன். வாலைச் சுருட்டாமல் கீழே இறக்கினேன். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த ஒன்பதுக்கும் வயிறு அடைபட்டதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நான் ஓய்வுபெற்றிருந்தேன். சென்னையில் விழுந்த மரங்களில் அந்த வேம்பும் ஒன்று. போய்ப் பார்த்தேன். கம்பம் சாய்ந்திருந்தது, பலகை பலகையாகத்தான் இருந்தது. மரத்தை நம்பி நிறுத்தியவர்களுக்கு இனி அந்தப் பலகை ஒன்றுதான் துணை என்று நினைத்துக்கொண்டேன்.

உன் ஒன்பதின் வயிறு திறந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணின் உயரம் 6 அங்குலம் என்று போட்டிருக்கிறாய். எங்கள் தொழிலில் 1 அங்குல எழுத்துக்கு 30 அடி என்று ஒரு கைக்கணக்கு வைத்திருப்போம். அப்படியென்றால் உன் எண் 180 அடியில், அதாவது ஏறத்தாழ 55 மீட்டரில்தான் பிடிபடும். மணிக்கு 36 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. எண்ணைப் படித்த பிறகு 55 மீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால், உள்ளே கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் சாய்வார்கள். மோட்டார்மேனுக்கு வழி மனப்பாடம்தான், தன் வண்டிக்கு எத்தனை பெட்டி என்பதும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வண்டியை வேறு பிளாட்பாரத்தில் வாங்கியிருப்பார்கள், மழை இருக்கும், எட்டு மணி நேரக் களைப்பு இருக்கும். மனப்பாடம் தடுமாறும் அந்த நாளுக்காகத்தான் பலகை. 9 அங்குலமாக்கு. 80 மீட்டருக்கு மேல் கிடைக்கும்.

இரண்டாவது கோபம், சிவப்பு. 22-ஆம் பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை எண் போட்டு, ரிஃப்ளெக்டிவ் ஷீட்டில் அச்சடிக்கலாம் என்கிறாய். நிறுத்தச் சொல்வது சிவப்பு, உலகமே அறிந்த நிறம் என்று எழுதியிருக்கிறாய். ரயிலில் அந்த நிறம் வழக்கமான நிறுத்தத்துக்கு அல்ல, அபாயம் சொல்வதற்கு. சிவப்புக் கொடி, சிவப்பு விளக்கு, சிவப்பு சிக்னல் எதைக் கண்டாலும் ஓட்டுகிறவன் கை பிரேக்குக்குப் போக வேண்டும். அப்படித்தான் அவனைப் பழக்கியிருக்கிறார்கள். சிவப்பு விளக்கு கையில் இல்லாத ஆபத்தில், எந்த விளக்கை வேகமாக ஆட்டிக் காட்டினாலும் அவனுக்கு அது 'நில்' தான். அவ்வளவு கூர்மையாகத் தீட்டி வைத்த கண்ணுக்கு எதிரே, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், ஹெட்லைட் பட்டதும் சுடர்விடும் சிவப்பு வட்டத்தை நட்டு வைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் திடுக்கிடுவான். ஒரு மாதத்தில் பழகிவிடுவான். சிவப்பைப் பார்த்துப் பழகிவிடுவது என்பது ரயிலில் நடக்கவே கூடாத ஒன்று. மஞ்சளில் கறுப்பு எழுது. விசில் ஊதச் சொல்லும் பலகை முதற்கொண்டு அவன் கண் பழகிய நிறம் அது. புதுமைக்கு வேறு இடம் தேடிக்கொள்.

ஜப்பான், இங்கிலாந்துப் படங்களை நாலு பக்கத்துக்கு வைத்திருக்கிறாய். பிரிட்டனில் எல்லா வண்டிக்கும் பொதுவான இடத்தில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து, ஜப்பானில் பெட்டிக் கணக்குக்குத் தனித்தனி எண். வடிவம் எல்லாம் சரியாகவே பார்த்திருக்கிறாய். ஆனால் ஜப்பானிய ஓட்டுநர் கையுறை போட்ட விரலை நீட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே குறியும் விரலும் குரலும் சேர்ந்துதான் ஒரு முறை. குறியை மட்டும் பிய்த்தெடுத்துப் படமாக வைத்தால் போதாது.

ஜப்பான் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஏப்ரல் 25 அன்று இடாமி நிலையத்தில் ஒரு வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 72 மீட்டர் போய் நின்றது. பின்னால் எடுத்து மறுபடியும் நிறுத்திப் புறப்படும்போது ஒரு நிமிஷத்துக்கு மேல் தாமதம். ஓட்டுநருக்கு வயது 23. தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டார். தாமதமும் தாண்டலும் அங்கே அப்போது தண்டனைக்குரியவையாக இருந்தன. தவறியவர்களை ஓட்டும் வேலையிலிருந்து இறக்கி, அவமானப்படுத்தும் விதமாக மறுபயிற்சி கொடுத்துவந்தார்கள். சில நிமிஷங்களில், அமகசாக்கிக்கு முன்னால், 70 கிலோமீட்டர் வேகமே அனுமதித்த வளைவில் வண்டி 116-இல் நுழைந்து தடம்புரண்டு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள்.

அங்கே பலகையில் குறை என்று நான் சொல்லவில்லை. செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. நிறுத்தக் குறி என்பது ஒருவனைக் குற்றவாளி என்று காட்டும் கோடாக மாறிவிடக் கூடாது. அது அவனுக்கு முன்கூட்டியே கை நீட்டும் துணையாக இருக்க வேண்டும். வண்டி தாண்டிய பிறகு 'தாண்டிவிட்டாய்' என்று சொல்லும் பலகையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வரும்போதே 'இதோ, மெதுவாக வா, இங்கேதான்' என்று சொல்லும் பலகைதான் எழுதக் கடினம். உன் அறிக்கையை மறுபடி எழுதும்போது இந்த ஒன்றை மட்டும் எதிரே வைத்துக்கொள். மற்றதெல்லாம் தானாக வரும்.

இனி 31-ஆம் பக்கம். அதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

வண்டி சரியான இடத்தில் நிற்பது பலகை மோட்டார்மேனின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேரே வரும்போது. அப்படியானால் கடைசிச் சில மீட்டரில் பலகை முன்கண்ணாடியை விட்டு நழுவிவிடும். பக்கத்து ஜன்னலில் பார்த்தாலோ, வண்டியைப் பார்த்து நிற்கும் தகடு விளிம்பு காட்டி வெறும் கோடாகத் தெரியும். மிகவும் தேவைப்படும் நொடியில் பலகை இல்லாமல் போகிறது. இதை நீ கண்டுபிடித்திருக்கிறாய். அதே கம்பத்தில், தண்டவாளத்துக்கு இணையாக, ஜன்னலைப் பார்த்தபடி ஒரு சிறிய தகடு வைத்து, அதில் நடுக்கோடு ஒன்று போடலாம் என்கிறாய். முன்னாலிருந்து வரவேற்க ஒரு முகம், பக்கத்தில் வந்ததும் உறுதி சொல்ல ஒரு முகம். 34 வருஷம் பிரஷ் பிடித்த எனக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெயின்டருக்கும் தோன்றவில்லை. மகளே, இந்த ஒரு பக்கத்துக்காக மீதி 39 பக்கத்தையும் மன்னித்தேன்.

அதற்கு அடுத்த பக்கமும் எனக்குப் பிடித்தது. காலை நாலரை மணியிலிருந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, லேடீஸ் பெட்டி வரும் இடத்தில் காத்திருந்த பெண்கள், வண்டி அரைப் பெட்டி தள்ளி நின்றதும் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று குறித்திருக்கிறாய். பலகை ஓட்டுகிறவருக்கு மட்டுமானது இல்லை என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. அவர் எங்கே நிறுத்துகிறாரோ அதை நம்பித்தான் பூக்கூடைக்காரி தூணோரம் நிற்கிறாள், பார்வையில்லாதவர் காலடி எண்ணி வந்து நிற்கிறார்.

கடைசிப் பக்கத்தில் மட்டும் மனம் தளர்ந்திருக்கிறாய். மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் வண்டி தானாகவே கண்ணாடிக் கதவுக்கு நேராக வந்து நிற்கிறது, இந்தப் பலகைகள் இன்னும் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கிறாய். கதவில்லாத, கூரை ஒழுகும், பாதிக்கு மேல் வெயிலில் கிடக்கும் பிளாட்பாரங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இன்று மாலையும் ஒரு மனிதர் கையால்தான் வண்டியை நிறுத்தப் போகிறார். அவருக்காக எழுது. அந்த வரியை எடுத்துவிடு.

எனக்கு ஒரு வேலை செய். ஒன்பதை மட்டும் முழு அளவில், 9 அங்குலத்தில், மஞ்சள் தகட்டில் எழுதிக் கொடுத்தனுப்பு. கணினியில் அச்சடிக்காதே, நூல் அடித்து, பிரஷ்ஷால் எழுது. எங்கள் தெருக்கோடி வீட்டு மதிலில் மாட்டிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுகோடியிலிருந்து நடந்து வருகிறேன். எந்த வீட்டைத் தாண்டும்போது அதன் வயிறு தெரிகிறது என்று எண்ணி எழுதுகிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அனுப்பினால், மழையிலும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ரயில்வே பெயின்டர் ஒருவன்