தாளம் பிடிப்பவர் ஒருவரே



நம் கிளையில் நாலு பழைய கணினிகள். தைப்பூசத் தொண்டர் பட்டியலை நாலிலும் மாற்றி மாற்றித் தட்டினோம். ஒரே கோப்பு இரண்டு கணினியில் இருந்தால், எது புதியதோ அதை மட்டும் வைத்துக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட். மறுநாள் பார்த்தால் 23 பெயர்களைக் காணோம்! ஸ்கிரிப்டை எழுதியவன் நான்தான்.

என்ன ஆச்சு? ஒரு கணினியின் கடிகாரம் 12 நிமிடம் முந்தி ஓடியது. அதில் சேமித்த பழைய பட்டியல் 'புதியது' ஆகி, உண்மையில் புதியதை அழித்துவிட்டது.

கணினிக் கடிகாரத்தில் இருப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். சூடு ஏறி இறங்கினால் அதன் வேகமும் கொஞ்சம் மாறும். நாளுக்கு ஒரு நொடி பிசகினாலே வருடத்துக்கு ஆறு நிமிடம்.

பஜனையில் ஒருவர் தாளம் பிடிக்க, மற்றவர்கள் அதைக் கேட்டுப் பாடுகிறோம் அல்லவா? அதேதான் வழி:

1. ஒரு கணினியைத் தலைமையாக்குங்கள். அது மட்டும் என்டிபி முறையில் இணையத்திலிருந்து நேரம் வாங்கட்டும்.

2. விண்டோஸ் என்றால், மற்றவற்றில் 'நெட் டைம்' கட்டளையைத் தலைமைக் கணினியின் பெயரோடும் 'செட்' என்ற சொல்லோடும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள். நிர்வாகி உரிமை கட்டாயம் வேண்டும்.

3. டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கொரு முறை ஓடவிடுங்கள்.

லினக்ஸில் குரோனி இருக்கிறது. முந்திய கடிகாரத்தைச் சட்டென்று பின்னால் இழுக்காமல், மெல்ல வேகத்தைக் குறைத்துச் சேர்த்துவிடும்.

23 பேரையும் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் பதிந்தேன். நீங்கள் உங்கள் கிளையின் கடிகாரங்களை இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.