சிறுநீரக நோயாளிக்கு என்ன குடிக்கக் கொடுக்கலாம்?

தில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில், வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுப்பது நம் வழக்கம். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனாலும் இளநீரோ சாத்துக்குடியோ வாங்கிச் செல்வோம். அவர் நாட்பட்ட சிறுநீரக நோயாளியாக இருந்தால், இந்த அன்பே அவருக்கு ஆபத்தாக முடியலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். சிறுநீரகத்தில் கல் இருப்பவரை மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். அது வேறு நோய். நாட்பட்ட நோயில், பெரும்பாலும் நீரிழிவாலோ ரத்த அழுத்தத்தாலோ, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. கல்லுக்குச் சொல்லும் வாழைத்தண்டுச் சாற்றை இதற்கும் மருந்தாக எண்ணிக் குடிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை நான்கு:

1. பொட்டாசியம்: ஒரு தம்ளர் (200 மி.லி.) இளநீரில் இது சுமார் 400 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். ஆரஞ்சுச் சாறு, தக்காளி சூப் ஆகியவற்றிலும் அதிகம். சிறுநீரகம் இதை வெளியேற்ற முடியாதபோது ரத்தத்தில் அளவு ஏறி, இதயத் துடிப்பையே பாதிக்கும். பல சமயம் முன்னறிகுறி எதுவும் தெரியாது.

2. உப்பு: ஜல்ஜீரா, காலா நமக் போட்ட ஷிகஞ்சி, உப்பு மோர் ஆகியவை தாகத்தை மேலும் தூண்டும், வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும்.

3. பாஸ்பரஸ்: கறுப்பு நிற கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கிறார்கள். பால், லஸ்ஸியிலும் பாஸ்பரஸ் உண்டு. இது ரத்தத்தில் மிஞ்சினால் எலும்பு பலவீனமாகும்.

4. மொத்த அளவு: டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, ஒரு நாளில் கழியும் சிறுநீரின் அளவோடு சுமார் 500 மி.லி. சேர்த்துக் குடிக்கச் சொல்வது வழக்கம். காபி, ரசம், ஐஸ் கட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தேங்கிய ஒவ்வொரு லிட்டரும் எடையில் ஒரு கிலோவாகத் தெரியும். மிகுந்தால் மூச்சுத் திணறும்.

ஆனால் எல்லோரும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. ஆரம்ப நிலையில் உள்ளவர் தில்லிக் கோடையில் தாமாகவே குறைத்தால், உடல் வறண்டு சிறுநீரகம் மேலும் கெடும். வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திலும் பொட்டாசியம் உண்டு.

அப்படியானால் எதைக் கொடுப்பது? சாதாரணத் தண்ணீரே முதலிடம். உப்பில்லாமல் சில துளி எலுமிச்சை பிழிந்த நீர், இளஞ்சூட்டில் சீரகத் தண்ணீர், சிறு தம்ளரில் காபி ஆகியவை பலருக்கும் ஒத்துக்கொள்ளும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை வேண்டாம். அளவு தெரிய, காலையில் அன்றைய பங்கை ஒரு பாட்டிலில் நிரப்பி வைக்கலாம். வேறு எதைக் குடித்தாலும், அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வதே அவரவர்க்கு உரிய அளவு. அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, இளநீர் வாங்குமுன் அந்த வீட்டாரிடம், "அவருக்கு என்ன ஆகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.