ஈமெயிலில் ஒட்டிய கடிதம் எழுத்து மாறிப்போவது ஏன்?



சேமலாப நிதி, பணிக்கொடை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எத்தனையோ விஷயங்களுக்கு இப்போது நமது லயங்களிலிருந்து ஈமெயிலில் கடிதம் போகிறது. டவுனில் ஒரு கடையில் கடிதத்தை டைப் அடித்து வாங்குகிறோம். வீட்டில் படித்த பிள்ளை அதைக் கொப்பி பண்ணி, ஈமெயிலில் ஒட்டி அனுப்பி விடுகிறது. அனுப்பும்போது எல்லாம் அழகான தமிழாகத்தான் தெரியும். கிடைத்தவர் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தும் இருக்காது.

ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தன் சேமலாப நிதிக் கணக்கைப் பற்றி இப்படித்தான் எழுதி அனுப்பினார். மூன்று மாதமாகப் பதில் இல்லை. பஸ் ஏறி நேரில் போய்க் கேட்டபோது, "என்ன பாஷைன்னே தெரியலியே, வாசிக்க முடியலம்மா" என்றார்களாம். "நான் தமிழ்லதானே தம்பி அனுப்பினேன்?" என்று அம்மா கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். தமிழில் எழுதுவது நமது உரிமை. அந்த உரிமை ஒரு எழுத்துருவில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். இலங்கையில் பல கடைகளில் இன்றும் 'பாமினி' என்ற எழுத்துருவில்தான் டைப் அடிக்கிறார்கள். பாமினியில் கொம்பியூட்டருக்குள்ளே இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துதான். பாமினி அதற்கு மேலே தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி இருக்கிற கொம்பியூட்டரில் அது அம்மா. இல்லாத கொம்பியூட்டரில், கைபேசியில், அந்த ஐந்து குறிகள் மட்டும்தான். அனுப்புகிறவருக்குச் சரியாகத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல் போவதன் இரகசியம் இவ்வளவே.

'யூனிகோட்' முறை அப்படியல்ல. அதில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் என்றே சொந்த இலக்கங்கள் உண்டு. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் இந்த முறையில் அமைந்தவை. கைபேசியின் தமிழ் கீபோர்டில் அடிப்பதும் யூனிகோட்தான். அதனால் பிள்ளை கைபேசியிலேயே கடிதத்தை அடித்தால் இந்தத் தொல்லையே வராது.

கடையில் அடித்த கடிதம் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடிதத்தைக் கொப்பி பண்ணுங்கள். 'நோட்பேட்' என்ற வெறும் எழுத்துப் பலகையைத் திறந்து அதில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோட், பயமில்லாமல் அனுப்பலாம். ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. ஜிமெயிலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினாலும் இதே சோதனைதான். அது எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டையைக் கழற்றி விடும். கிறுக்கல் வந்ததும் கடிதம் கெட்டுப்போச்சு என்று பதற வேண்டாம். வாங்குகிறவர் காணப்போவதை நீங்கள் முன்கூட்டியே கண்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிறுக்கலை ஒரு பெட்டியில் போட்டால் மறு பெட்டியில் தமிழ் வரும். இந்த இடத்தில்தான் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் மாற்றிக்குப் புத்தி கிடையாது. கடிதத்தின் நடுவே உண்மையான ஆங்கிலமாக இருப்பதையும் அது பாமினி என்றே எண்ணி மாற்றிவிடும். காற்புள்ளி 'இ' ஆகும். 184,500 ரூபா என்று இருந்தது 184இ500 என்று வரும். சாய்கோடு 'ஃ' ஆகும். 12/05/2019 என்ற திகதி 12ஃ05ஃ2019 ஆகிவிடும். சில அறிவித்தல்களில் 'நு/' என்று இருக்க வேண்டிய பாடசாலைப் பெயர் 'நுஃ' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே கோளாறுதான். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் 'வி' என்ற ஆங்கில எழுத்து 'ஏ' ஆகும், 'எக்ஸ்' என்பது 'ஓ' ஆகும். அடையாள அட்டை இலக்கம் பிழைத்தால் யாருடைய கணக்கு என்று அவர்கள் எப்படித் தேடுவார்கள்? ஆகவே மாற்றிய பிறகு பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், தொகை, திகதி ஐந்தையும் அசல் பத்திரத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடம் மட்டும் விடாதீர்கள். பிள்ளை வாசிக்கட்டும், பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும்.

எழுத்து ஒரு வரியில் பெரிசாகவும் மறு வரியில் சின்னதாகவும் வருவது, பின்னால் சாம்பல் நிறம் ஒட்டிக்கொள்வது எல்லாம் சின்ன விஷயம். முன்பு சொன்னபடி சட்டையைக் கழற்றி ஒட்டினால் போய்விடும். ஆனால் சம்பள விபரம் போன்ற அட்டவணைகளை அப்படி ஒட்டினால் கட்டங்கள் குலைந்து இலக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவற்றை ஒரு மாதத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள்.

மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லையா? கடைக்காரரிடம், "அண்ணே, இதைப் பிடிஎஃப் ஆக்கித் தாங்க" என்று கேளுங்கள். பிடிஎஃப் கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும். பாமினி இல்லாத கொம்பியூட்டரிலும் தமிழாகத் திறக்கும். அதை இணைப்பாக அனுப்பி, ஈமெயிலில் கைபேசியால் இரண்டு வரி எழுதினால் போதும்: யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், என்ன வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க: கடையில் அடித்த பழைய கடிதம் ஒன்றை உங்கள் ஈமெயிலில் ஒட்டி, முதலில் பக்கத்து லயத்தில் ஒருவருக்கு அனுப்புங்கள். அவருடைய கைபேசியில் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்தால் அதே கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பலாம். அனுப்பிய திகதியை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.