ஞாயிறு முதல் சனி வரை

கேள்வி: ஞாயிறு பூசையில் கேட்கும் வேதவாக்கியம் திங்கட்கிழமைக்குள் மறந்துபோகிறது. வாரம் முழுவதும் அதைத் தியானித்து வாழ வழி உண்டா?
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சகோதரி, மிஷன் வீதியில் 1791ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் முழந்தாளிட்ட எத்தனையோ தலைமுறையினருக்கு இருந்திருக்கக்கூடிய கவலையே தங்களுடையதும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வகுத்த மூன்றாண்டு வாசகச் சுற்றில், மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோரின் சுவிசேஷங்கள் ஆண்டுக்கு ஒன்றாகப் பெரும்பாலான ஞாயிறுகளில் இடம்பெறுவதால், வரப்போகும் வாசகம் இன்னதென்று முன்கூட்டியே அறியலாம். ஆகவே, சனிக்கிழமை மாலையில் குடும்பத்தார் யாவரும் கூடியிருக்க அதை உரக்க வாசித்து, உள்ளத்தைத் தொட்ட ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவ்வாரத்துக்கு உரியதாகக் கொள்ளுங்கள்.

பின்பு, 1548இல் அச்சேறிய தமது ஆன்மீகப் பயிற்சி நூலில் புனித இஞ்ஞாசியார் விதித்தவாறு, நண்பகலிலும் இரவிலும் சற்றே மௌனமாய் அமர்ந்து, பெரிய மார்க்கெட்டில் காய்கறிக்காரியிடம் பேசிய பேச்சும், வேலைக்காரிக்குக் கொடுத்த கூலியும், பிள்ளையைக் கடிந்துகொண்ட விதமும் அவ்வாக்கியத்துக்கு இசைந்தனவா என்று மனச்சாட்சியைச் சோதியுங்கள். இசையாதவிடத்து மன்னிப்பைக் கேட்டு, மறுநாளுக்கு ஒரு பிரதிக்கினை செய்துகொள்ளுங்கள்.

நெடுநேர ஜெபம் இயலவில்லையே என்று வருந்த வேண்டாம்; நடத்தையை மாற்றாத தியானம் எத்தனை நாழிகை நீண்டாலும் பூரணமாகாது. காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்து, பேச்சு முறிந்துபோன உறவினர் ஒருவரை இவ்வாரமே தேடிச் சென்று பேசுங்கள்.