பல்துறை எழுத்தாளர் பி.எஸ். ராமையா

கல்வராயன் மலையின் இருண்ட வானில் விண்மீன் ஒன்று எரிந்து வீழ்வதைக் கண்டால் உங்கள் உள்ளத்தில் என்ன தோன்றும்? 'யாரோ பொய் சொல்லிவிட்டார்கள்' என எண்ணி அழுதாள் ஒரு சிறுமி. ஒருவர் உண்மை பேசும்போதெல்லாம் ஒரு விண்மீன் பிறக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். 'நட்சத்திரக் குழந்தைகள்' என்னும் இச்சிறுகதையைப் படைத்தவர் பி.எஸ். ராமையா.

இதழ்ப்பணி

1905ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் பிறந்த ராமையா, உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1933இல் தொடங்கப்பெற்ற 'மணிக்கொடி', 1935இல் அவரை ஆசிரியராகக் கொண்டு சிறுகதை இதழாக மலர்ந்தது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோரின் கதைகள் அதில் வெளிவந்தன. இலக்கியப் புகழ் ஈட்டிய அவ்விதழால் பொருள் ஈட்ட இயலவில்லை.

திரையும் மேடையும்

பேசும்படம் வளர்ந்துவந்த அக்காலத்தில் மணிக்கொடி எழுத்தாளர் சிலர் திரைத்துறையை நாடினர். ராமையாவும் 'மதனகாமராஜன்' (1941), 'சாலிவாகனன்' (1945) முதலிய படங்களுக்கு எழுதினார். திரைக்குச் சென்ற எழுத்தாளர் இலக்கியத்தைத் துறந்தவர் ஆவாரா? ராமையாவின் வாழ்வே இதற்கு விடை.

சிறுமியின் கண்ணீருக்கான காரணத்தைச் சிறுகதை நம் மனத்திற்குள் மெல்ல உணர்த்துகிறது. நாடகத்தில் அதைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் உரையாடல் எட்டச்செய்ய வேண்டும். திரைப்படத்திலோ வானையும் சிறுமியின் முகத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும். அங்குச் சொல் குறைவதே சிறப்பு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே எல்லா வடிவங்களிலும் எழுதவல்லார்.

எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவினருக்காக ராமையா நாடகங்கள் எழுதினார். கர்ணனின் பிறப்புத் துயரைப் பேசும் 'தேரோட்டி மகன்' அவற்றுள் ஒன்று. 'போலீஸ்காரன் மகள்' நாடகம் 1962இல் ஸ்ரீதரின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று.

நிலைத்த புகழ்

திரையும் மேடையும் கண்ட பின்னரும் ராமையா தம் இதழையும் தோழர்களையும் மறக்கவில்லை. அவ்வரலாற்றைக் கூறும் 'மணிக்கொடி காலம்' நூலுக்கே 1982இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். பொருளிழப்பில் நின்றுபோன இதழே அவருக்கு அழியாப் புகழைத் தந்தது.

கற்பவை கற்றபின்

1. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிச் சந்தைக்குக் கடுக்காய் விற்க வரும் தாய் ஒருவரின் ஒருநாள் நிகழ்வைச் சிறுகதைப் பத்தியாகவும் நாடக உரையாடலாகவும் எழுதுக.
2. அதே நிகழ்வை உரையாடலின்றி மூன்று திரைக்காட்சிகளாக விவரிக்க.