எந்த அறைக்குள் தேடப் போகிறீர்கள்?

ஒரு பழைய மாளிகையின் பரண் திரையில் விரிகிறது. தூசி, கால் உடைந்த நாற்காலி, டிரங்குப் பெட்டிகள், பொம்மைகள். கீழே பன்னிரண்டு பொருள்களின் பெயர்கள், ஆங்கிலத்தில். அவற்றுள் ஒன்று 'பேட்'. நம் கண் உடனே கிரிக்கெட் மட்டையைத் தேடும், கிடைக்காது. வரைந்தவர் அமெரிக்கர் என்றால் அவர் மனத்தில் இருந்தது பேஸ்பால் கட்டை. அதுவும் இல்லையா? உத்தரத்தைப் பாருங்கள், வௌவால் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கண்ட கணத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே பல வருடங்களாக இந்த ஹிட்டன் ஆப்ஜெக்ட் விளையாட்டுகளை ஆடிவருகிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கதையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பேய் வீடா, கடற்கொள்ளையரா, கொலையா என்பது அவர்கள் கேள்வி. நான் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்பேன்: கடிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்? ஒரு விளையாட்டு உங்களுக்குப் பிடிப்பதும் பாதியில் நிற்பதும் அதைப் பொறுத்ததுதான்.

கடிகாரம் விளையாட்டின் கையில் இருக்கும் வகை மூத்தது. சியாட்டிலைச் சேர்ந்த பிக் ஃபிஷ் கேம்ஸ் 2005இல் வெளியிட்ட 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்'தான் இந்த வகையைப் பரவலாக்கியது. நீங்கள் துப்பறிவாளர். ஒவ்வொரு வழக்குக்கும் சில இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பட்டியல், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நேரக் கணக்கு. கண்ட இடத்திலெல்லாம் கிளிக் செய்தால் நேரம் போகும். ஹிண்ட் கேட்டாலும் போகும். கதை மெல்லிய நூல்தான். ஆனால் அடுத்த ஆண்டே வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' வேறு தரம். எம்மா ரேவன்ஹர்ஸ்ட் என்ற பெண்ணின் நாட்குறிப்பு துண்டு துண்டாக மீண்டு வரும். கதவுகளில் உருளையும் கம்பியும் பல்சக்கரமுமாக விசித்திரமான பூட்டுகள். இந்த மூத்த வகையில் ஒன்றே ஒன்று ஆடுவதென்றால் அதை ஆடுங்கள்.

தேர்வு அறையில் மணி பார்த்தால் கை வியர்க்கும் சுபாவம் உங்களுக்கு இருந்தால் இந்த வகை வேண்டாம். இன்னொரு சங்கடம், அந்தக் காலத்துப் படங்கள் சின்னத் திரைக்கு வரைந்தவை. இன்றைய அகலத் திரையில் இழுபட்டு மங்கலாகத் தெரியலாம். அமைப்புகளுக்குள் போய் அகலத் திரைக்கான தேர்வையோ சிறு ஜன்னலில் ஆடும் தேர்வையோ மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடிகாரத்தை உங்கள் கையில் கொடுத்துவிடும் வகை அடுத்தது. புதிதாக வருபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். 2008இல் வந்த 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' இந்தப் பாதையில் பெரிய அடி எடுத்து வைத்தது. அறைக்கு அறை நடக்கலாம், திரும்பி வரலாம். பட்டியலைத் தேடி முடித்தால் அதிலொரு பொருள் உங்கள் பையில் சேரும். அதைக்கொண்டு வேறோர் இடத்தில் அடைபட்டிருப்பதைத் திறக்க வேண்டும். தேடலுக்கு ஒரு காரணம் கிடைத்தது. குப்பைக் குவியலில் கடப்பாரையைத் தேடுகிறோம் என்றால், அரை மணி முன்பு பலகை அறைந்து மூடிய ஜன்னல் ஒன்றைப் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இந்த வகையைப் பேரழகாக வளர்த்தவர்கள் போலந்து நாட்டு ஆர்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனத்தார். அவர்களுடைய 'எனிக்மாட்டிஸ்: தி கோஸ்ட்ஸ் ஆஃப் மேப்பிள் கிரீக்' காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடும் கதை. அதில் எனக்குப் பிடித்தது சுவரில் இருக்கும் தடயப் பலகை. கிடைத்த புகைப்படம், கடிதம், குறிப்பு ஆகியவற்றை நீங்களே ஒன்றோடொன்று பொருத்தி முடிச்சுப் போட வேண்டும். பெயருக்குத் துப்பறியும் விளையாட்டுகள் நிறைய உண்டு. யோசிக்கவும் வைப்பவை குறைவு. கடற்கொள்ளையர் கதையான 'நைட்மேர்ஸ் ஃப்ரம் தி டீப்' இன்னும் மென்மையானது. பட்டியலில் தேடிக் கண் களைத்தால் அதே இடத்தில் மாஜாங் கட்டைகளைச் சேர்த்தும் காட்சியைக் கடக்கலாம். வயதானவர்களுக்கு வாங்கித் தருவதென்றால் இதை முதலில் வைப்பேன்.

இந்த வகையில் தொடக்கத்திலேயே கடினத்தன்மையைக் கேட்பார்கள். 'கேஷுவல்' என்றால் தேட வேண்டிய இடம் மினுங்கும், ஹிண்ட் சீக்கிரம் நிரம்பும். அதைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கம் வேண்டாம். நடுத்தர நிலை போதும் என்பது என் கருத்து. மினுக்கம் முழுதாக இல்லாமல் போனால், காட்சிக்குக் காட்சி சுவரைத் தடவிக்கொண்டு நிற்க நேரும். கலெக்டர்ஸ் எடிஷன் என்று கூடுதல் விலையில் விற்பதில் பெரும்பாலும் ஒரு கூடுதல் அத்தியாயம், இசை, ஓவியங்கள், வழிகாட்டிக் குறிப்பு இருக்கும். முதல் முறைக்குச் சாதாரணப் பதிப்பே போதும். ஆனால் மாட்டிக்கொண்டால் திரையை விட்டு வெளியே போய் விடை தேடப் பிடிக்காதவர்களுக்கு அந்த வழிகாட்டிக் குறிப்பு காசுக்குத் தகும்.

மூன்றாவது வகையில் கடிகாரம் இருவர் கையிலும் இல்லை. அது கடைக்காரர் கையில் இருக்கிறது. பெர்லினைச் சேர்ந்த வூகா 2017இல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி' நல்ல எடுத்துக்காட்டு. 1920களின் உடையும் காரும் மாளிகையுமாகப் படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருக்கும். சகோதரியின் மரணத்தைத் துருவும் ஜூன் பார்க்கரின் கதையும் இழுத்துப் பிடிக்கும். இலவசம். ஆனால் ஒரு காட்சிக்குள் நுழைய எனர்ஜி வேண்டும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். ஒரே அறையில் பலமுறை தேடி நட்சத்திரம் சேர்ப்பதும், தீவை அலங்கரித்து அடுத்த அத்தியாயத்தைத் திறப்பதும் இதன் நடைமுறை. பேருந்தில் பத்து நிமிடம் போக வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. முடிவு தெரியாமல் தூக்கம் வராதவர்கள் இதைத் தொடக்கூடாது. புதுப் புது அத்தியாயங்கள் வந்துகொண்டே இருக்கும். விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அது பெருங்குணம். குற்றவாளி பிடிபடுவார், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம். போனில் இலவச விளையாட்டைக் குழந்தைகள் கையில் கொடுப்பதற்கு முன் பணம் செலுத்தும் வழியைப் பூட்டிவிடுங்கள்.

இனி மொழி. பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் நம்மவர்களில் பலரைத் தள்ளி நிறுத்துகிறது. தினசரி ஆங்கிலம் தெரிந்தவர்களும் இங்கே திணறுவார்கள். காற்றுத் திசைகாட்டி, துருத்தி, கொத்துக்கரண்டி எல்லாம் அலுவலக ஆங்கிலத்தில் வருவதில்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. பெயருக்குப் பதில் பொருளின் நிழலுருவைக் காட்டும் காட்சிகள் அதிகமுள்ள விளையாட்டைத் தேடுங்கள். கடையில் போட்டிருக்கும் படங்களிலேயே இது தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மர்மத்தை விட்டுக்கொடுத்து, 2017இல் வந்த 'ஹிட்டன் ஃபோக்ஸ்' பக்கம் வாருங்கள். கறுப்பு வெள்ளையில் கையால் வரைந்த நெரிசலான ஊர்கள், காடுகள். தேட வேண்டியவரின் படம் கீழே இருக்கும். புதரை வெட்டலாம், கதவை அறையலாம், முதலையைக் குத்திப் பார்க்கலாம். எழும் ஒலி அத்தனையும் மனித வாயால் எழுப்பியது. நேரக் கணக்கே கிடையாது.

வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள். டெமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தில் கதையைவிடப் படத்தைக் கவனியுங்கள். ஒளிந்திருக்கும் பொருள் காட்சியின் வெளிச்சத்தோடும் நிழலோடும் பொருந்தியிருந்தால் அது நேர்மையான விளையாட்டு. சேவலை மேகத்தில் மங்கலாக ஒட்டி வைத்திருந்தால் மூடிவிடுங்கள்.

இயன்றால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். என் அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பட்டியலைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் திரையைத் தொட்டுக் காட்டுவார். தையல்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன உலோகக் குப்பியை ஒருநாள் நான் கால் மணி நேரம் தேடினேன். அவர் நாற்பது வருடம் தைத்தவர். நூல்கண்டுகளுக்குப் பின்னால் பூச்சாடியின் நிழலில் கிடந்த அதன்மேல் அவர் விரல் நேராகப் போய் நின்றது.