பழைய டெர்மினல் கீபோர்டுக்கு மறுவாழ்வு
(எலெக்ட்ரானிக்ஸ், இரண்டாம் ஆண்டு)



1970, 80-களில் அமெரிக்காவின் பெரிய அலுவலகங்களில் கம்ப்யூட்டர் தனி அறையில் இருக்கும். ஊழியரின் மேசையில் ஒரு திரையும் கீபோர்டும்தான். அதற்குப் பெயர் டெர்மினல். ஐ.பி.எம். 3270 வகை டெர்மினல்கள் 1971-ல் வந்தன. இந்த வகைக்காகப் பின்னாளில் செய்யப்பட்ட 122 கீகள் கொண்ட 'மாடல் எம்' கீபோர்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கி, நானும் இரண்டு நண்பர்களும் யு.எஸ்.பி.யில் ஓட வைத்தோம். அந்த வேலையைப் பாடமாகத் தருவதே இக்கட்டுரை.

"சில நூறு ரூபாய்க்குப் புதுசே கிடைக்குதே, எதுக்குடா இந்த வேலை?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். வைவாவில் 'பேரிட்டி' என்று மனப்பாடமாய்ச் சொல்கிறோம். அதைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? இந்தக் கீபோர்டில் பார்க்கலாம்.

1. உள்ளே என்ன இருக்கிறது?

ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு சுருள் ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்தும்போது அது சட்டென்று பக்கவாட்டில் வளையும். அதுதான் அந்த 'டக்' சத்தம். வளைந்த ஸ்பிரிங் ஒரு சிறு தகட்டைத் தட்ட, அது கீழேயுள்ள மூன்றடுக்கு பிளாஸ்டிக் தாளை அமுக்குகிறது. மேல், கீழ்த் தாள்களில் மின்கடத்தும் கோடுகள்; நடுத்தாளில் ஓட்டைகள். ஓட்டை வழியாக இரு கோடுகளும் தொட்டால் 'ஆன்'.

122 கீக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் தாங்காது. அதனால் வரிசை, நெடுவரிசையாக மேட்ரிக்ஸ் அமைப்பு. 16 x 8 என்று போட்டாலே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒயர் 24 போதும்.

2. பிரித்தல், சுத்தம் செய்தல்

மூடியின் திருகுகள் ஆழத்தில் இருக்கும். 5.5 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், அதுவும் மெல்லிய சுவர் உள்ளது வேண்டும். கீ மூடிகளைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப்போடலாம். கொதிநீர் கூடாது. தாளின் மேல் தின்னர், பெட்ரோல் படவே கூடாது, கோடுகள் அழிந்துவிடும்.

பிளாஸ்டிக் சட்டத்தை இரும்புத் தகட்டோடு பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் உடைந்து விழும். அழுத்தம் குறைந்து கீகள் வேலை செய்யாது. உடைந்த இடத்தில் சின்னத் துளையிட்டு எம்2 அளவு திருகும் நட்டும் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும்.

3. பழுது எங்கே?

என் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்த பிறகுதான் உப்புத்தாளையே கையில் எடுப்பார். நமக்கு மல்டிமீட்டர்தான் அந்தத் தண்ணீர்த் தொட்டி. ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்பிரிங்கையோ அந்த இடத்து அழுக்கையோ பாருங்கள். ஒரு வரிசையே செத்திருந்தால் கோடு அறுந்திருக்கும், அல்லது நாடா கனெக்டரில் சரியாக உட்காரவில்லை.

4. ஒயரிங்

வேண்டிய ஒயர்கள் நான்கு: 5 வோல்ட், கிரவுண்ட், கிளாக், டேட்டா. முதலில் சப்ளையைக் கண்டுபிடியுங்கள். போர்டிலுள்ள எலெக்ட்ரோலிடிக் கபாசிடரின் மைனஸ் காலிலிருந்து கேபிள் முனைக்கு கன்டின்யூட்டி பார்த்தால் கிரவுண்ட் தெரியும். பிளஸ் காலிலிருந்து 5 வோல்ட் ஒயர். சப்ளை மாறிப்போனால் ஐ.சி. காலி. கிளாக்கும் டேட்டாவும் ஓப்பன் கலெக்டர் வகை. இடம் மாறினாலும் கெடாது, மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஏடிமெகா 32யு4 சிப் உள்ள சிறு போர்டு ஒன்றை வைத்தோம். இந்தச் சிப்பிலேயே யு.எஸ்.பி. இருப்பதால் தனி ஐ.சி. வேண்டாம். 'டி.எம்.கே.' என்ற இலவச மென்பொருளை ஏற்றினோம்.

5. பேசும் மொழி

ஒரு சேதிக்கு 11 பிட்: ஸ்டார்ட் 1, டேட்டா 8, பேரிட்டி 1, ஸ்டாப் 1. 'ஏ' கீயின் எண் ஹெக்ஸில் 1சி, அதாவது 00011100. கடைசி பிட் முதலில் போகும். எனவே ஆசிலாஸ்கோப்பில் வருவது:

0 – 00111000 – 0 – 1

டேட்டாவில் மூன்று ஒன்றுகள். ஒற்றைப்படை பேரிட்டிக்கு அதுவே போதும் என்பதால் பேரிட்டி பிட் 0. கிளாக் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் இத்தனைக்கும் 1.1 மில்லி செகண்ட்தான். கீயை விட்டால் எஃப்0, 1சி என்று இரண்டு சேதி வரும். ஆனால் டெர்மினல் கீபோர்டு, ஆரம்பத்தில் பல கீகளுக்கு 'விட்டேன்' என்று சொல்லவே சொல்லாது. எஃப்8 என்ற கட்டளையை நாம் அனுப்பினால் எல்லாக் கீக்கும் சொல்லத் தொடங்கும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் படிப்பாளிகள். சிபாரிசு செய்ய நமக்கு ஆள் கிடையாது. இன்டர்வியூவில் "உன் கையால என்னப்பா செஞ்சிருக்கே?" என்று கேட்டால், கழற்றிப் பார்த்து, அளந்து பார்த்து, ஓட வைத்த ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். அந்தக் கீபோர்டு இப்போது எங்கள் லேபில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பிரித்துப் பார்க்கலாம். ஸ்பேனர் மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்!